மாடியறையும் சிற்றிலும்

விருந்து என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழுவது வாழை இலை. இலையில் விழும் சோறு, பரிமாறும் கை, 'இன்னும் கொஞ்சம்' என்னும் உபசாரக் குரல் ஆகியவை அதைத் தொடர்ந்து வருகின்றன. உண்டு கை கழுவிய அந்த விருந்தினர் அன்றிரவு எங்கே தலை சாய்ப்பார் என்ற கேள்வி மட்டும் அவ்வளவு விரைவாக எழுவதில்லை.

வள்ளுவப் பெருந்தகையின் 'விருந்தோம்பல்' அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். வாசலில் விருந்தினர் காத்திருக்கத் தனித்து உண்பது தகாது என்கிறார். சென்ற விருந்தை அனுப்பிவிட்டு வரும் விருந்தை எதிர்நோக்கியிருப்பவரைப் போற்றுகிறார். விருந்தினரின் உள்ளம் அனிச்ச மலரினும் மெல்லியது, நம் முகம் சற்றே மாறினாலும் அது வாடிவிடும் என்று எச்சரிக்கிறார். முகத்தைச் சொன்னார், உணவைச் சொன்னார், வயலையும் விதையையும்கூடச் சொன்னார். ஆனால் பத்துக் குறளிலும் பாயில்லை, படுக்கையில்லை, விளக்கில்லை. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. முகம் மலர்ந்த வீட்டில் பாய் தானே விரியும் என்று அவர் கருதியிருக்கலாம். ஆயினும் அவரைப் படித்து வளர்ந்த நாம் விருந்தோம்பலைச் சோற்றோடு நிறுத்திவிட்டோமோ என்ற ஐயம் நமக்கு உண்டு.

பந்தியில் அமர்ந்திருக்கும் விருந்தினர் விழித்திருக்கிறார். பேசுகிறார், சிரிக்கிறார், வேண்டாத பொழுது எழுந்து போகவும் வல்லவர். உறங்கும் விருந்தினரோ தம்மை முற்றிலும் நம் கையில் ஒப்படைத்துவிடுகிறார். அந்நியமான கூரையின்கீழ் கண்களை மூடும் ஒவ்வொருவரும், 'இந்த வீட்டார் எனக்குத் தீங்கு செய்யமாட்டார்கள்' என்று சொல்லாமல் சொல்கிறார். அவ்வாறே, அந்நியரை உள்ளே படுக்க வைத்துத் தாமும் உறங்கச் செல்லும் வீட்டாரும் அதே நம்பிக்கையைத் திருப்பித் தருகின்றனர். உணவிடுவதினும் இடமளிப்பது கடினமாக இருப்பதன் காரணம் இதுவே எனலாம்.

இந்த இடமளித்தலை நுட்பமாக உணர்ந்து எழுதிய இரண்டு பகுதிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறோம். ஒன்று எபிரேய மொழியில் எழுந்தது. அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் வரும் சூனேம் ஊர்ப் பெண்ணின் வரலாறு அது. மற்றொன்று நம் சிலப்பதிகாரத்தில், அடைக்கலக் காதையிலும் கொலைக்களக் காதையிலும் இடம்பெறும் மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணின் வரலாறு. ஒன்றையொன்று அறியாத இவ்விரு நூல்களும் ஒரே செயலைக் கண்டு, ஏறத்தாழ ஒரே நிதானத்தோடு விவரிக்கின்றன. ஆனால் முடிவில் எதிரெதிர்த் திசைகளில் பிரிந்து செல்கின்றன.

சூனேம், இஸ்ரயேலின் இஸ்ரியேல் சமவெளிப் பகுதியில், இசக்கார் குலத்தாருக்குரிய ஓர் ஊர். இறைவாக்கினர் எலிசா அவ்வழியே அடிக்கடி செல்வார். அங்கே வாழ்ந்த செல்வமுள்ள பெண் ஒருத்தி அவரை வற்புறுத்தி அழைத்து உணவளிக்கிறாள். அதன்பின் அவ்வழி செல்லும்போதெல்லாம் அவர் அங்கே உண்பது வழக்கமாயிற்று. நம்மில் பலருக்கு விருந்தோம்பல் இங்கேயே நிறைவுற்றுவிடும். அவளுக்கு அது இங்கேதான் தொடங்குகிறது. தன் கணவனிடம் பேசுகிறாள்: நம் வீட்டின் மேல் சிறியதோர் அறை கட்டுவோம், அதில் ஒரு படுக்கை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு ஆகியவற்றை வைப்போம், அவர் வரும்போது அங்கே தங்கட்டும் (காண்க: 2 அரச 4:10).

நான்கே பொருள்கள். செல்வமுள்ளவளாயிருந்தும் அவள் இவற்றுக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. களைத்தவருக்குப் படுக்கை. வாசிக்கவும் உண்ணவும் மேசை. அமர்ந்து சிந்திக்க நாற்காலி. பொழுது சாய்ந்தபின் வந்தாலும், இரவில் விழித்தாலும் தடுமாறாதிருக்க விளக்கு. ஒவ்வொன்றும் அந்த விருந்தினரின் ஒரு தேவையைக் குறிக்கிறது. வீட்டாரின் பெருமையைக் குறிக்கும் பொருள் அதில் எதுவும் இல்லை. எபிரேய மூலத்தில் அந்த அறையைச் சுவருள்ள மேலறை என்று குறிக்கும் சொல் வருகிறது. தட்டையான கூரைமேல் ஒரு பந்தலோ திரையோ போட்டுக் கொடுத்திருக்கலாம். அவள் சுவர் எழுப்பச் சொன்னாள். சுவர் இருந்தால்தான் கதவு இருக்கும். கதவு இருந்தால்தான் விருந்தினர் தம்மைத் தாமே அடைத்துக்கொண்டு தனித்திருக்க முடியும். வீட்டாரின் அன்பிலிருந்தும் சற்றே விலகியிருக்கும் உரிமையை அவருக்கு அவள் அளித்தாள் என்பதே இதன் பொருள்.

இங்கே விருந்தினராகிய எலிசாவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தப் பெண்ணின் உபசாரத்துக்குக் கைம்மாறாக என்ன செய்யலாம் என்று அவர் எண்ணுகிறார். அரசரிடமோ படைத்தலைவரிடமோ உனக்காகப் பரிந்து பேசட்டுமா என்று பணியாளன் கேகசி வழியாகக் கேட்கிறார். தன் மக்கள் நடுவே தான் வாழ்வதாக அவள் மறுமொழி கூறுகிறாள். எனக்கு எவருடைய பரிந்துரையும் தேவையில்லை என்பது அதன் கருத்து. அவளுக்குப் பிள்ளையில்லை என்ற செய்தி கேகசி சொன்னபிறகே எலிசாவுக்குத் தெரிகிறது. எத்தனையோ முறை அவ்வீட்டில் உண்டவர், அவ்வறையில் உறங்கியவர், அந்த வீட்டின் வெறுமையைக் கவனிக்கவில்லை. வீட்டாள் விருந்தினரின் தேவையை உற்றுக் கவனித்தாள். விருந்தினர் வீட்டாளின் துயரைக் கவனிக்கத் தவறினார். நூலாசிரியர் இதனை மறைக்கவில்லை. அவள் பெயரையும் அவர் நமக்குச் சொல்லவில்லை என்பது வேறு செய்தி. விருந்தினருக்கும் கடமையுண்டு என்பதை இவ்விடம் நமக்கு மெல்ல உணர்த்துகிறது.

பின்னர் நிகழ்ந்ததை வாசகர் அறிவர். அவளுக்கு மகன் பிறக்கிறான், வளர்கிறான். அறுவடைக் களத்தில் தலைவலியால் துடித்து, தாயின் மடியில் நண்பகல்வரை கிடந்து இறக்கிறான். அவள் அழுது ஊரைக் கூட்டவில்லை. சிறுவனைத் தூக்கிச் சென்று இறையடியாரின் கட்டிலில் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டு, கழுதைமேல் ஏறிக் கர்மேல் மலைக்கு விரைகிறாள். பிறருக்காக விரித்த படுக்கை அவளுடைய துயரத்தைத் தாங்கும் படுக்கையாகிவிட்டது. எலிசா வந்து அதே கதவை உள்ளிருந்து சாத்தி மன்றாடுகிறார். சிறுவன் ஏழு முறை தும்மிக் கண் விழிக்கிறான். அந்தக் கட்டில், அந்தக் கதவு ஆகியவை இல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி மதுரைக்கு வருவோம். புகாரிலிருந்து நடந்து வந்த கோவலனும் கண்ணகியும் நகரின் புறஞ்சேரியில் இருக்கின்றனர். உடன் வந்த சமணத் துறவி கவுந்தியடிகள், அவ்வழியே வந்து தம்மை வணங்கிய மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அவர் கூறும் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. இவளுடைய கணவனின் தந்தை இன்னார் என்று தெரிந்தால் இந்நகரத்துப் பெருவணிகர் அரும்பொருள் கிடைத்தாற்போல மகிழ்ந்து எதிர்கொண்டு தம் மனையில் வைத்துக்கொள்வர்; அச்செல்வர் மனை புகும் வரையில் உன்னிடம் இருக்கட்டும் என்கிறார். குலமும் பெயரும் தெரிந்தபின் திறக்கும் கதவுகள் மதுரையில் பல இருந்தன. பெயர் தெரியுமுன் திறந்த கதவு ஒன்றே. அது மோர் விற்று வாழும் ஆயர் சேரியில் இருந்தது. இந்த வேறுபாட்டை இளங்கோவடிகள் தற்செயலாக எழுதியிருப்பார் என்று நாம் கருதவில்லை.

கன்றை நினைந்து பசுக்கள் குரலெழுப்பித் திரும்பும் அந்திப் பொழுதில் மாதரி அவர்களைத் தன் இருப்பிடத்துக்கு அழைத்துச் செல்கிறாள். ஆயர்கள் கூடி வாழும் பொது இருக்கையில் அவர்களை அவள் தங்க வைக்கவில்லை. செம்மண் பூசிய, பந்தலிட்ட, காவலுள்ள சிறு வீடு ஒன்றைத் தனியே ஒதுக்கித் தருகிறாள். சூனேமியப் பெண் எழுப்பிய சுவரும் மாதரி பூசிய செம்மண்ணும் ஒரே எண்ணத்திலிருந்து வந்தவை. கண்ணகியை நீராட்டுகிறாள். தன் மகள் ஐயையை அவளுக்குத் துணையாக வைக்கிறாள். அதன்பின் அவள் செய்ததே இப்பகுதியின் உச்சம் என்போம். வந்தவர்கள் சாவக நோன்பிகள், பகற்பொழுதில் உண்ணும் நெறியினர் என்பதை நினைவிற்கொண்டு, அவர்கள் தாமே சமைத்துக்கொள்வதற்கான நல்ல கலங்களைக் காலந்தாழ்த்தாமல் கொடுங்கள் என்று ஆயர்குலப் பெண்களைக் கேட்கிறாள். புதிய பாத்திரங்கள் வருகின்றன. பலாக்காய், வெள்ளரி, மாதுளை, மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, பாற்பயன் எல்லாம் வருகின்றன. கண்ணகி சமைக்கிறாள், ஐயை அடுப்பு மூட்டி உதவுகிறாள்.

மாதரியின் வழிபாடு வேறு, விருந்தினரின் நோன்பு வேறு. அவள் புறநகர் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியிலேயே கவுந்தியைக் கண்டவள். ஆயினும் 'என் வீட்டுக்கு வந்தால் என் வீட்டுச் சோறு' என்று அவள் வற்புறுத்தவில்லை. தன் கைச்சமையலைப் பாராட்டிக் கேட்கும் இன்பத்தை விட்டுக்கொடுத்து, அடுப்பையே விருந்தினரிடம் ஒப்படைத்தாள். அன்பின் பெயரால் பிறருடைய நெறியை மீறச் செய்யும் உபசாரம் நம்மிடையே மிகுதி. நீரிழிவு உள்ளவரிடம் 'ஒரே ஒரு லட்டு' என்று நீட்டும் கையும், தவக்காலத்தில் புலால் விலக்கியவரிடம் 'ஒரு நாளில் என்ன வந்துவிடும்' என்று சொல்லும் நாவும் மாதரியிடம் பாடம் கேட்கவேண்டியவை.

நாம் மாணவராயிருந்தபோது சிலம்பின் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவோம். வழக்குரைக்கும் கண்ணகி நமக்காகக் காத்திருந்தாள். கொலைக்கு முன்வரும் ஒரு சிறு இளைப்பாறலாகவே மாதரியின் வீட்டைக் கருதினோம். இன்று அவ்வாறு கருத இயலவில்லை. கோவலன் அமர்ந்து உண்ட பனையோலைத் தவிசின் வேலைப்பாட்டைக்கூட அடிகள் நின்று வருணிக்கிறார். சில நாழிகையில் வெட்டுண்டு விழப்போகும் ஒருவனுக்கு இவ்வளவு அழகிய இருக்கை ஏன்? அழிக்கப்படுவது எதுவென்று நாம் அறியவேண்டும் என்பதற்காகவே என்று தோன்றுகிறது. அரசனின் நீதிமன்றத்தில் கிடைக்காத மதிப்பு ஒன்று, அந்தச் செம்மண் வீட்டில் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அரண்மனையின் தவற்றை அளக்கும் அளவுகோலாகச் சிற்றில் நிற்கிறது.

கோவலன் மாண்டான். கண்ணகி நகரை எரித்துப் போனாள். மாதரி என்ன ஆனாள்? இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. அடிகள் மறக்கவில்லை. வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையில், மாடல மறையோன் வாயிலாக நமக்குத் தெரிவிக்கிறார்: அடைக்கலப் பொருளை இழந்துவிட்டேனே என்று தன் குலத்தாரிடம் கதறி, நள்ளிரவில் அவள் தீயில் புகுந்தாள். அவள் எடுத்த முடிவை நாம் போற்றவில்லை. உயிரைத் தந்தவருக்கே அதை எடுக்கும் உரிமை உண்டு என்பது நம் விசுவாசம். ஆனால் அம்முடிவுக்குப் பின்னாலிருந்த உணர்வை அலட்சியம் செய்யவும் முடியாது. ஓரிரவு தங்கியவர்களின் சாவுக்கு அரசன் பொறுப்பு, பொற்கொல்லன் பொறுப்பு. மாதரிக்கு அதில் எள்ளளவும் பங்கில்லை. எனினும் 'என் வீட்டிலிருந்து போனவன்' என்ற ஒன்றே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆக, சூனேமில் ஆயத்தம் செய்யப்பட்ட அறை இறந்த மகனைத் திரும்பத் தந்தது. மதுரையில் ஆயத்தம் செய்யப்பட்ட வீடு எவரையும் காக்கவில்லை. அப்படியானால் இடமளித்தலின் பயன் என்ன என்று ஒருவர் கேட்கலாம். விருந்தினரை வரவேற்றால் வீட்டுக்கு ஆசி வரும் என்று மறையுரைகளில் நாமும் எளிதாகச் சொல்லியிருக்கிறோம். மாதரியின் முன் அந்த மறையுரை நிற்காது. இவ்விரு கதைகளும் ஒருசேரச் சொல்வது வேறு: ஒருவருக்குப் படுக்கை விரித்தவர் அவருடைய நன்மையிலும் தீமையிலும் பங்காளியாகிவிடுகிறார். ஆசி வந்தாலும் அழிவு வந்தாலும் அது இனி இருவருக்கும் உரியது. இதை அறிந்தே நாம் பலசமயம் சோற்றோடு நிறுத்திக்கொள்கிறோம் போலும்.

சூனேமியப் பெண்ணின் கதை நான்காம் அதிகாரத்தோடு முடியவில்லை என்பதையும் நினைவூட்டுவோம். எட்டாம் அதிகாரத்தில் பஞ்சம் வருகிறது. தன் மக்கள் நடுவே வாழ்வதாகச் சொன்ன அவள் பெலிஸ்தியர் நாட்டில் ஏழாண்டு அந்நியராகத் தங்குகிறாள். திரும்பி வந்து தன் வீட்டையும் நிலத்தையும் கேட்டு அரசர்முன் முறையிடுகிறாள். முன்பு வேண்டாமென்ற அரசரின் தயவு அவளுக்கு இப்போது தேவைப்படுகிறது. இலத்தீன் மொழியில் 'ஹோஸ்பெஸ்' என்ற ஒரே சொல் விருந்தளிப்பவரையும் விருந்தினரையும் குறிக்கும். இருவருக்கும் இடையே உள்ளது ஒரு பஞ்சத்தின் தொலைவுதான் என்பதை அச்சொல்லை வழங்கியவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

இனி நம் ஆலய வளாகத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவில் நம் மறைக்கல்விச் சிறார் நடிக்கும் நாடகத்தில் சத்திரக்காரன் ஒருவன் தவறாமல் வருகிறான். ஒட்டுமீசையும் தலைப்பாகையுமாக வந்து, 'இடமில்லை, போ' என்று மரியாவையும் யோசேப்பையும் விரட்டுகிறான். கூட்டம் அவனை வெறுத்து மகிழ்கிறது. லூக்கா நற்செய்தியை எடுத்துப் பாருங்கள். அவன் அங்கே இல்லை. அதுமட்டுமன்று. லூக்கா 2:7-இல் இடம் கிடைக்கவில்லை என்று சொல்லுமிடத்தில் வரும் கிரேக்கச் சொல் 'கத்தாலுமா'. அதே சொல்லை லூக்கா 22:11-இல், ஆண்டவர் சீடரோடு பாஸ்கா உண்ட அறைக்குப் பயன்படுத்துகிறார். அங்கே அது ஒரு வீட்டின் விருந்தினர் அறை. உண்மையான சத்திரத்தைக் குறிக்க வேண்டியபோது, நல்ல சமாரியர் உவமையில் (10:34), 'பந்தோக்கெயோன்' என்ற வேறு சொல்லை எடுக்கிறார். அதனால் பெத்லகேமிலும் ஒரு வீட்டின் விருந்தினர் அறையையே லூக்கா கருதினார் என்று விவிலிய அறிஞர் பலர் கொள்கின்றனர்.

இக்கருத்தை ஏற்றால் நாடகம் தலைகீழாகிறது. குற்றவாளியாக நிறுத்த ஒரு சத்திரக்காரன் கிடைக்கமாட்டான். முன்பே விருந்தினரால் நிறைந்துவிட்ட ஒரு வீடு மட்டும் எஞ்சுகிறது. அந்த வீட்டார் கொடியவராக இருக்கவேண்டியதில்லை. நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். அவர்களுடைய நல்ல அறையில் முன்னதாக வேறு யாரோ இருந்தனர், அவ்வளவே. இந்த விளக்கம் நமக்குச் சற்றுச் சங்கடமாயிருக்கிறது. அதற்குச் சொந்தக் காரணமும் உண்டு.

நாம் குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், ஆகஸ்டு மாத இறுதியில் ஒருநாள், கிளைக்கிராமம் ஒன்றுக்கு மாலைத் திருப்பலிக்குச் சென்றோம். மழை பிடித்துக்கொண்டது, கடைசிப் பேருந்தும் போய்விட்டது. ஆலயத்தை அடுத்த வீட்டார் மகிழ்ச்சியோடு அழைத்துச் சென்று, தங்களிடமிருந்த ஒரே கட்டிலில் வெள்ளை விரிப்பு விரித்துத் தந்தனர். நன்றாக உறங்கினோம். விடியலில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அடுக்களையில் அடுப்போரம் சாக்கின்மேல் ஒரு முதியவர் இருமிக்கொண்டே படுத்திருந்தார். கட்டில் அவருடையது. நாம் வருந்தியபோது அவ்வீட்டுப் பாட்டி, "சாமி கட்டில்ல படுக்கலன்னா எங்களுக்குத்தான் குறை" என்று சொல்லிவிட்டார். அதோடு போகவில்லை. காலைச் செபத்துக்கு ஆலயம் திறக்கச் சென்றபோது, திண்ணைச் சுவர்மேல் காவித் துணிகள் நனைந்து தொங்கின. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் மூவர், அவர்களுள் வயதான பெண் ஒருவர், இரவெல்லாம் சாரலில் உட்கார்ந்திருந்தனர். முதல் நாள் இரவு அதே வீட்டில்தான் இடம் கேட்டிருக்கின்றனர். 'சாமி தங்கியிருக்கிறார், இடமில்லை' என்று பதில் கிடைத்திருக்கிறது.

அந்த வீட்டாரைக் குறைகூற நமக்குத் துணிவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவர் நாமே. 'எனக்குப் பாய் போதும், வெளியே யாராவது இருக்கிறார்களா' என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை. எலிசாவின் கவனக்குறைவை மேலே சுட்டிக்காட்டிய கை, தன்னையும் சுட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் 53-ஆம் அதிகாரம் விருந்தினரைப் பற்றியது. வருகிற யாவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கவேண்டும் என்ற அதன் தொடக்கத்தை நாம் அடிக்கடி எடுத்தாள்கிறோம். அதே அதிகாரத்தின் உட்பகுதிகள் அத்துணை புகழ் பெறவில்லை. ஏழைகளையும் திருப்பயணிகளையும் ஏற்பதில் தனிக் கவனம் வேண்டும் என்கிறார் அவர். செல்வருக்கு மதிப்பளிக்க அவர்கள்மீதுள்ள அச்சமே நம்மைத் தூண்டிவிடும் என்பது அவர் தரும் காரணம். மனித மனத்தை அறிந்தவரின் கூற்று இது. மேலும், விருந்தினர் இல்லத்தைக் கடவுளச்சமுள்ள ஒரு சகோதரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், அங்கே போதுமான படுக்கைகள் விரித்து ஆயத்தமாயிருக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறார். கிறிஸ்துவைக் காணும் ஞானத்தைச் சொன்ன அதே பேனா, படுக்கையின் எண்ணிக்கையையும் கவனித்தது.

இக்காலத்தைப் பற்றி எழுதுவோர் பலர், திண்ணை போயிற்றே என்று வருந்துகின்றனர். வழிப்போக்கர் கேளாமலே படுத்துறங்கிய திண்ணைகளை இடித்துவிட்டு இரும்புக் கதவு போட்டுவிட்டோம் என்பது உண்மையே. ஆனால் அந்த ஏக்கத்தை முழுமையாக நம்மால் பகிர்ந்துகொள்ள இயலவில்லை. எல்லாத் திண்ணையும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. எந்தத் தெருவில் எவர் உட்காரலாம் என்பதைச் சாதி வகுத்திருந்தது. தெருவுக்குள்ளேயே நுழைய முடியாதவருக்குத் திண்ணை இருந்தென்ன, போயென்ன? கோவிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் இந்தப் பிரிவினையை வைத்திருந்த திருச்சபையைச் சேர்ந்த நாம், திண்ணைப் பெருமை பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது. மேலும், திண்ணை வீட்டுக்கு வெளியே இருப்பது. சூனேமியப் பெண் விருந்தினரை வீட்டின் மேலே ஏற்றினாள். பெயர் தெரியாதவரை மாதரி காவலுள்ள மனைக்குள் வைத்தாள். திண்ணையை மீட்பதைவிட, உள்ளே யாரை அனுமதிப்போம் என்ற கேள்வியே நம்முன் நிற்கிறது.

வசதியான சில இல்லங்களில் இன்று விருந்தினருக்கென்றே அறைகள் கட்டப்படுகின்றன. புனிதப்படுத்த அழைக்கும்போது அவற்றையும் காட்டுகின்றனர். கண்ணாடி அலமாரியில் பொம்மைகள், சுவரில் பெரிய படம், பிளாஸ்டிக் உறை கழற்றாத மெத்தை. ஓராண்டு கழித்துச் சென்றாலும் அந்த உறை அப்படியே இருக்கிறது. அவ்வறையின் மெய்யான விருந்தினர் அதைக் கண்டு வியக்கும் அயலார்தாம். திருமணத்துக்கு வரும் உறவினரை விடுதியில் தங்க வைத்துவிடுகிறோம், வசதிக்காக என்கிறோம். சிலருக்கு அது மெய்யாகவே வசதி. ஆனால் இரவு விளக்கணைத்தபின் பாய்களில் படுத்தவாறே அக்காவும் தங்கையும் பேசித் தீர்த்த பழைய மனத்தாங்கல்களை விடுதிகள் தீர்த்துவைப்பதில்லை.

மறுபுறம், ஒரே அறையும் ஓர் அடுக்களையும் உள்ள வீட்டில் வாழ்வோர் நம் பங்குகளில் பலர். இந்தக் கட்டுரை அவர்களுக்கு மாடி கட்டச் சொல்லவில்லை. சூனேமின் நான்கு பொருள்களை அவர்களால் வேறு வடிவில் தரமுடியும். துவைத்து வெயிலில் காய்ந்த ஒரு விரிப்பு. தலைமாட்டில் மூடி வைத்த ஒரு சொம்புத் தண்ணீர். சட்டையை மாட்ட ஓர் ஆணி. நள்ளிரவில் எழுந்தால் வழி தெரிய ஒரு சிறு விளக்கு. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்குமுன் சொல்லிவிடும் ஒரு சொல். காலையில் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும், என்ன மருந்து, என்ன உணவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் மாதரியின் கவனம். கதவில்லாத வீட்டிலும் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, 'பயணக் களைப்பு, தூங்குங்கள்' என்று பேச்சை நிறுத்திக்கொள்ளும் இங்கிதம். இவற்றுக்குப் பெரும் செலவில்லை. வருபவரை ஒரு நாழிகை முன்னதாகவே நினைத்துப் பார்க்கும் மனம் வேண்டும். அவ்வாறு நினைத்துப் பார்க்கும்போது, நம் கட்டிலுக்காக யாரை அடுப்போரம் அனுப்புகிறோம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

லூக்கா 22:12-இல் ஆண்டவருக்குக் காட்டப்பட்ட மேலறையை வருணிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'விரிக்கப்பட்டது' என்பது நேர்ப்பொருள். யாரோ ஒருவர் அங்கே முன்னதாகச் சென்று, துடைத்து, இருக்கைகளை விரித்து வைத்திருந்தார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அந்த விரிப்பின்மேல்தான் நற்கருணை நிறுவப்பட்டது. அதே இரவில், யோவான் நற்செய்தியின்படி, தம்மைப் பிரிய அஞ்சிய சீடரிடம் ஆண்டவர் தாம் போவதன் காரணத்தைச் சொல்கிறார். தந்தையின் இல்லத்தில் உறைவிடங்கள் பல உள்ளன. அவர்களுக்காக ஓர் இடத்தை ஆயத்தம் செய்யவே போகிறார் (யோவா 14:2). பிறக்கும்போது விருந்தினர் அறையில் இடம் கிடைக்காதவர் அவர். இறப்பதற்கு முந்திய இரவிலோ, பிறருக்கு அறை ஆயத்தம் செய்பவராகத் தம்மை அறிமுகம் செய்கிறார்.

இந்த மாலையில் யாரேனும் நம் வீட்டுக்கு வரக்கூடும். பாயை எடுத்து உதறிப் போடுவோம்.